பெரிய வீட்டு வெள்ளி டம்ளர்கள்

சிவகாசியில் வெள்ளத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்தது எங்கள் தெருவும் பின்தெருவும் மட்டுமாகத்தான் இருந்திருக்கும். இங்கே எல்லோரும் பயப்படுவது தீக்குத்தான். பட்டாசும் தீப்பெட்டியும் இந்த ஊரைத் தேடி வந்ததே மழை எட்டிப் பார்க்காத ஊர் என்பதால்தான். அப்படிப்பட்ட ஊரில் ஏஜெண்டு ஒருவர் வந்து, தீயோடு வெள்ளத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அவர் உறவுக்காரர். உறவுக்காரர் பேச்சைத் தட்டமுடியாமல் வீட்டில் சரக்கு வைத்திருந்தவர்கள் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். "வெள்ளம் வந்தா நான் ஓடமாட்டேன், நாலு குடத்துல மோந்து வச்சுக்கிடுவேன்" என்று என் மாமியார் சொன்னதைத் தெரு ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தது.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிது. அறுபதுகள் அப்போதுதான் பிறந்திருந்தன. நான் பிறந்தது இருக்கன்குடிப் பக்கம், கரிசல் காட்டில் பருத்தியும் கம்பும் போடுகிற குடும்பம். வாக்கப்பட்டது வியாபாரக் குடும்பத்தில். மாமனார் அப்போதே இல்லை. வீடு மாமியார் பெயரில். என் கணவர் காகிதம் வாங்கி, அச்சாபீசில் கொடுத்துப் பட்டாசு லேபிள் அடித்து, விஸ்வநத்தம், அச்சங்குளம் பக்கத்துக் கம்பெனிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். சிறிய வியாபாரம்தான், ஆனால் சொந்த வியாபாரம். குடோனுக்கு வாடகை கொடுக்க வேண்டாமே என்று காகிதக் கட்டுகளை வீட்டுக் கூடத்திலேயே அடுக்கியிருந்தோம். நடு வீட்டில் நடப்பதற்கு ஒரு ஆள் அகலத்துக்குத்தான் வழி இருக்கும்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்த கையோடு மழை பிடித்தது. முதல் நாள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பிறகு பயந்தோம். காய்ந்தும் கெடுத்தது, பெய்தும் கெடுத்தது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கண்மாய்க் கரை உடைந்து தண்ணீர் தெருவுக்குள் புகுந்தது. நாங்கள் எதிர் மாடி வீட்டில் ஏறி நின்று எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு உள்ளே போனால், அடுத்த சீசனுக்கு என்று இருந்த காசையெல்லாம் போட்டு வாங்கி வைத்திருந்த காகிதம் ஊறி, உப்பி, கட்டுக் கயிற்றை அறுத்துக்கொண்டு கூடம் முழுக்கக் கூழாய்க் கிடந்தது. பின்பக்கத்து மண்சுவர் அடுப்படிமேல் விழுந்து, பாத்திரங்களை அப்பளமாக நசுக்கியிருந்தது.

இனி என்ன என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் கணவரின் பெரியப்பா மகனுக்குச் சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி இருந்தது. மேட்டில் இருந்ததால் தண்ணீர் ஏறாத அவர்கள் வீட்டைப் பெரிய வீடு என்போம். தண்ணீர் வடிந்த அன்றே அவர் வந்து பார்த்துவிட்டு, தெருவே கேட்கிற மாதிரி, "தம்பி ஒண்ணும் யோசிக்க வேண்டாம். நம்ம கம்பெனியில வந்து கணக்கு எழுதட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் வியாபாரக் குடும்பத்தில் பங்காளியிடம் சம்பளத்துக்கு நிற்பதைவிட ஊரைவிட்டே போகலாம். அன்று இரண்டு வேளையும் என் கணவர் சாப்பிடவில்லை. எங்களுக்கு மிச்சம் இருந்தது அந்த இன்சூரன்ஸ் ஒன்றுதான். அது வந்தால் மறுபடி காகிதம் வாங்கலாம். வராவிட்டால் பெரிய வீட்டுக் கணக்கு மேஜை.

மதுரையிலிருந்து ஆபீசர் ஒருவர் வந்து சேதத்தைப் பார்வையிடுவார் என்று தகவல் வந்தது. அவர் வருகிறவரை எதையும் தொடக்கூடாது என்று ஏஜெண்டு படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். என் கணவர் அதை மாமியாரிடம் சொன்னார்.

"தொடாமெ? ஏலே, மதுரையில இருந்து ஒரு மனுசன் வாராரு. அவரைச் சேத்துக்குள்ளயா உக்கார வைப்பே?"

"சேத்தைப் பாக்கத்தாம்மா அவரு வாராரு."

"பாத்துட்டுப் போயி என்ன சொல்லுவாரு? இன்னார் வீட்டுக்குப் போனேன், மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னேன்னு சொல்லுவாரு. உங்க அப்பா இருந்த வீடுலே இது."

அந்த வீட்டில் மாமியார் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் 'இல்லை' என்ற சொல்லே புழங்காது. கடைக்காரக் குடும்பத்தில் அது வாய்க்கு ஆகாத சொல். உப்பு தீர்ந்தாலும் வாங்கி வரச் சொல்வார்களே தவிர, இல்லை என்று சொல்லமாட்டார்கள். வந்த புதிதில் நான் "அத்தை, எண்ணெய் இல்லை" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவிருக்கிறது. எங்கள் ஊரில் அப்படி இல்லை. மழை பொய்த்த வருஷம் என் அப்பா காய்ந்த பருத்திச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்த் தாசில்தார் காலடியில் போட்டு, "பாருங்க சாமி, ஒண்ணுமில்லை" என்று சத்தம் போடுவார். வரியைத் தள்ளிக் கொடுப்பார்கள். நிலத்தை நம்பிய சம்சாரிக்கு இல்லை என்று சொல்வதில் வெட்கமே கிடையாது. வியாபாரிக்கு அதைச் சொன்னால் உயிர் போய்விடும். வரவிருந்த ஆபீசரோ, இல்லை என்று சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ள வருகிறவர்.

நாங்கள் வீட்டைக் கழுவினோம். காகிதக் கூழை வண்டியில் அள்ளி ஊருக்கு வெளியே குப்பைமேட்டில் கொட்டச் செய்தார் மாமியார். சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு செம்மண் கோடு இழுத்தது போலத் தண்ணீர் நின்ற தடம் இருந்தது. அதன்மேல் சுண்ணாம்பு அடித்தோம். இரண்டாம் பூச்சுக்கு அது மறைந்துவிட்டது. விழுந்த சுவர் தெரியாமல் இருக்க அடுப்படி வாசலில் ஒரு சமுக்காளத்தைத் திரையாகக் கட்டினோம். நான் சுண்ணாம்பு மட்டையைப் பிடித்துக்கொண்டு, நம் கையாலேயே நம் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறோம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அடித்தேன். புது மருமகள் வேறு என்ன செய்ய முடியும்.

பிறகு மாமியார் பெரிய வீட்டுக்குப் போனார். கும்பி கூழுக்கு அழுததாம், கொண்டை பூவுக்கு அழுததாம். பின்சந்து வழியாக, முந்தானையில் மூடி, வெள்ளி டம்ளர்களும் தாம்பாளமும் வந்தன. பித்தளைக் குத்துவிளக்கு வந்தது. பிரம்பு நாற்காலிகள் வந்தன. எங்கள் பக்கம் பெயர் வெட்டாமல் ஒரு கரண்டிகூட வாங்கமாட்டார்கள். விசேஷ வீட்டில் பாத்திரம் கலந்து போனால் பிரித்து எடுக்க வேண்டுமே. அந்த டம்ளர்களிலும் விளிம்புக்குக் கீழே பெரிய வீட்டுக்காரரின் பெயர் கொத்தியது பளிச்சென்று தெரிந்தது. "காபி குடுக்கும்போது பேரு உன் உள்ளங்கைப் பக்கம் இருக்கணும், தெரியுதா?" என்று மாமியார் எனக்கு ஒத்திகை பார்த்தார். நானும் வெறும் டம்ளரை நீட்டி நீட்டிப் பழகினேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஆபீசர் காலையில் வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, கையில் குடை. வாசலில் நான் போட்டிருந்த கோலத்தை மிதிக்காமல் ஓரமாக வந்தார். "வாங்க, வாங்க. உக்காருங்க. பலகாரம் சாப்பிட்டீகளா?" என்று மாமியார் கல்யாண வீட்டு வரவேற்பு கொடுத்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தார். சுண்ணாம்பு வாசனை அடிக்கிற சுவர், துடைத்து வைத்த குத்துவிளக்கு, விரித்த பாய், எதிரே இன்னொரு நாற்காலியில் என் கணவர்.

"தண்ணி எவ்வளவு உயரம் நின்னுச்சும்மா?"

"வந்துச்சு, போயிருச்சு."

"காகிதம் நனைஞ்சதுன்னு எழுதியிருக்கீங்க. பாக்கலாமா?"

"அதெல்லாம் அப்புறப்படுத்தியாச்சு. நீங்க வார நேரத்துல அந்த நாத்தம் எதுக்கு?"

"வீட்டுச் சாமான்?"

"எங்க வீட்டுச் சாமானுக்கு என்ன ஆகப் போகுது? மாரியாத்தா காப்பாத்திட்டா. எல்லாம் நீங்க பாக்குறபடி நல்லா இருக்கு."

அவர் எழுதிக்கொண்டார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிக் கைப்பிடியின் பிரம்பை அவர் நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இரவல் நாற்காலி, அதையும் பிய்க்கிறாரே என்று தோன்றியதே தவிர, அவருக்குத் துக்கத்தில் கை என்ன செய்கிறதென்றே தெரியவில்லை என்பது ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது.

நான் காபியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், பெயர் உள்ளங்கைப் பக்கம் இருக்கும்படி. ஆபீசர் வாங்கினார். சூடு தாங்காமல் டம்ளரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். பெயர் அவர் முகத்துக்கு நேரே வந்தது. படித்தார். என் கணவரைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் குடித்தார். எனக்கு நெற்றியிலிருந்து கழுத்து வரை தீப்பிடித்த மாதிரி இருந்தது. அவர் ஏதாவது கேட்டிருந்தாலாவது தேவலை.

டம்ளரை வைத்துவிட்டுக் குடையை எடுத்தார். எழுந்துவிட்டால் போச்சு. அவர் வாசலைத் தாண்டினால் என் கணவர் அடுத்த மாதம் பங்காளி வீட்டுக் கணக்கு மேஜையில் உட்காருவார். என் அப்பா பருத்திச் செடியோடு நின்ற கோலம் எனக்கு ஞாபகம் வந்தது.

"அத்தை, சொல்லிருவோம் அத்தை" என்றேன்.

"உள்ள போ" என்றார் மாமியார், என்னைப் பார்க்காமலே.

நான் போகவில்லை. சாமான் அறைக் கதவு சுவரோடு ஒட்டித் திறந்து கிடந்தது. அதன் சுவர்ப் பக்கத்தை யாரும் கழுவியிருக்கவில்லை. அதை இழுத்துத் திருப்பினேன். செம்மண் கோடு என் நெஞ்சுக்கு நேராக இருந்தது, அதில் காகிதக் கூழ் காய்ந்து ஒட்டியிருந்தது. "இம்புட்டு உயரம் நின்னுச்சு சார்" என்றேன். அந்நிய ஆணிடம் நான் அந்த வீட்டில் பேசிய முதல் பேச்சு அதுதான். பேச ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. என் கல்யாணப் பெட்டியைத் திறந்தேன். சேலைகள் சாயம் இறங்கி ஒன்றோடொன்று ஒட்டி, புளித்த நாற்றம் அடித்தது. பிறகு அடுப்படித் திரையை விலக்கினேன். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் வானம் தெரிந்தது. இடிபாட்டுக்கு அடியில் நசுங்கிய குடம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

ஆபீசர் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு என்னிடம் பேசாமல் மாமியாரிடம் திரும்பினார்.

"பாலிசி உங்க பேர்ல இருக்கும்மா. இவங்க சொல்றதை நான் எழுத முடியாது, நீங்கதான் சொல்லணும். இந்தக் கூடத்துல நனையாத சாமான் இவ்வளவு இருக்கு. இதெல்லாம் உங்களுதா?"

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுண்ணாம்பு அவர் கையில் ஒட்டியது. வெளியே யாரோ தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டது. ஏன் இவரை இந்தப் பாடு படுத்தினோம் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரத்தில் அவர் பேசாமலிருந்தாலே போதும், வியாபாரமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றுகூட நினைத்தேன்.

"இல்லை" என்றார்.

பிறகு மகனிடம் திரும்பி, "எந்திரிலே. அது நம்ம நாற்காலி இல்லை" என்றார்.

என் கணவர் எழுந்தார். மாமியார் ஒவ்வொன்றாகக் கையைக் காட்டிச் சொன்னார். விளக்கு இல்லை. தாம்பாளம் இல்லை. நீங்க குடிச்ச டம்ளர் எங்களுது இல்லை. காகிதம் ஒரு தாள் மிச்சம் இல்லை. அந்த ஒரு சொல்லை அத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்து அன்றைக்கு மொத்தமாகச் செலவழித்தார்.

"தெரியும்மா" என்றார் ஆபீசர். அவர் குரலில் கோபமும் இல்லை, ஏளனமும் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "நேத்து பின்தெருவுல ஒரு வீட்டுலயும் இதே டம்ளர்லதான் காபி குடுத்தாங்க. இதே பேரு."

"அவுக என்ன சொன்னாக?" என்று கேட்டார் என் கணவர்.

"அவங்களுதுதான்னாங்க. நான் அப்படியே எழுதிக்கிட்டேன். வேற என்ன செய்யட்டும்?"

அவர் வாசல்படி ஏறும்போதே, உட்காரும்போதே, டம்ளரைப் பார்ப்பதற்கு முன்பே ஓரளவு ஊகித்திருக்கிறார். நான் உள்ளங்கைக்குள் மறைத்து மறைத்து நீட்டியதை அவர் முந்தின நாளும் பார்த்திருக்கிறார், வேறொரு மருமகள் கையில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது நாங்கள் மட்டும் இல்லை, எங்கள் சாதிசனம் மொத்தமும் ஒரே பூசணிக்காயை மாற்றி மாற்றி மறைத்திருக்கிறோம். எனக்கு அதைக் கேட்டு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் இரண்டு பங்காக வந்தது.

அப்புறம் என் கணவர் அவரைக் குப்பைமேட்டுக்குக் கூட்டிப் போனார். ஆபீசர் குடைக் காம்பால் கிளறிக் கிளறிக் காகிதக் கட்டிகளைப் பார்த்தாராம். ஊர் கூடி நின்று வேடிக்கை பார்த்ததாம். தை கழிந்து பணம் வந்தது. கேட்டதில் பாதிக்கும் குறைவு. கழுவித் துடைத்ததற்கெல்லாம் யார் பணம் கொடுப்பார்கள்? ஆனாலும் கொஞ்சம் காகிதம் வாங்க அது போதும். பின்சுவர் இரண்டு வருஷம் கழித்துத்தான் எழும்பியது. என் கணவர் பெரிய வீட்டுக் கம்பெனிக்குப் போகவில்லை. டம்ளர் தங்களுடையது என்று சொன்ன பின்தெரு வீட்டுப் பிள்ளை போனார்.

ஆனால் ஆபீசர் வந்துபோன அன்றைய சாயங்காலம்தான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. இரவல் சாமானைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் வழக்கம்போல டம்ளர்களை மூடத் துணியைத் தேடினேன். "வேண்டாம்" என்றார் மாமியார். தாம்பாளத்தில் டம்ளர்களை அடுக்கி, மூடாமல், பின்சந்து வழியாகப் போகாமல், நடுத்தெருவில் நடந்தார். குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். என் கணவர் நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். அவருக்காவது முகம் மறைந்தது. வாசலில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நான் என் கால் விரலைப் பார்த்தபடியே நடந்தேன்.

பக்கத்து வீட்டு வாசலில் மாமியார் நின்றார். அந்த வீட்டு அம்மா சுண்ணாம்புப் பானையைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டிலும் சரக்கு போயிருந்தது. அவர்களுக்கும் ஒரே மகன்.

"ஏத்தா, உங்க வீட்டுக்கு எப்ப வாராரு?"

"நாளைக்குக் காலையில மதினி. நீங்க இதைக் குடுத்துட்டு வந்ததும் நான் போயி வாங்கணும். சொல்லி வச்சிருக்கேன்."

"வாங்காதே. சுண்ணாம்பும் அடிக்காதே. அந்த ஆளுக்கு டம்ளரு யாரு வீட்டுதுன்னு தெரியும். நான் எங்களுது இல்லைன்னு சொல்லிட்டேன்."

அவள் மட்டையைப் பானையில் போட்டாள். "உங்க மானம் போனா எங்க மானமும் போகணுமா மதினி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமியார் தாம்பாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தாம்பாளத்தில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்து லேசாகச் சத்தம் போட்டன. "நட" என்றார். பெரிய வீட்டில் எண்ணி வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் வாசல் தெளிக்கச் செம்பில் தண்ணீரோடு வெளியே வந்தேன். எங்கள் தெருவில் முதல் கோலம் எப்போதும் பக்கத்து வீட்டுக் கோலம்தான். அன்று அந்த வாசல் தெளிக்காமல், சேறு வெடித்துக் கிடந்தது, சாவு வீட்டு வாசல் மாதிரி. கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரில் செம்மண் கோடு அப்படியே தெரிந்தது. சுண்ணாம்பைச் சாக்கடையில் கொட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் எங்கள் வாசலில் தெளிக்கக் கையைத் தண்ணீரில் விட்டேன். பின்னால் வந்த மாமியார் செம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு நாமளும் தெளிக்க வேண்டாம். நாம கோலம் போட்டா அவ வாசல் மட்டும் தனியாத் தெரியும்" என்றார்.

ஆபீசர் குடையோடு தெருவுக்குள் வந்தபோது இரண்டு வாசலிலும் கோலம் இல்லை.